ஆறு பேருக்கு ஒரு ரத்தம்

பெட்டி அக்காவின் சொந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினாலும் யாருக்கும் தெரியாது. சம்பளம் போடுகிறவரைத் தவிர வேறு யாரும் அவளை அந்தப் பெயரில் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பயிருக்கு அடிக்கிற பூச்சிமருந்தைப் பாட்டிலில் நிரப்பி அனுப்பும் கம்பெனி அது, அம்பத்தூர் எஸ்டேட்டில் இருந்தது. மருந்தை நிரப்பி, மூடி போட்டு, லேபிள் ஒட்டி, அட்டைப்பெட்டியில் அடுக்கி டேப் ஒட்டுவது வரைக்கும் ஒரே நீள வரிசையாகப் பெண்கள் நிற்போம். அந்தக் கடைசி இடம் அவளுடையது. அதனால் பெட்டி அக்கா.

நாற்பத்தைந்து வயது இருக்கும். கட்டையான உடம்பு. நடக்கும்போது ஒரு தோள் முன்னால் போகும். புருஷன் என்ன ஆனான் என்று புதிதாக வந்தவள் யாராவது கேட்டுவிட்டால், "போனவன் போனான், உனக்கு இன்னா இப்போ?" என்பாள். பிள்ளை குட்டி கிடையாது. பட்டாபிராமில் ஓர் அறை எடுத்துத் தனியாக இருந்தாள்.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. பழக்கமா வியாதியா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஓர் ஆள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லையென்றால் இவள் போய் அங்கே நின்றுவிடுவாள். யாரும் கேட்க வேண்டியதில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ரயில் காலை வாரிவிட்டது. ஓடி வந்து கேட்டுக்குள் நுழையும்போது சூப்பர்வைசர் பெயர் படித்துக்கொண்டிருக்கிறார். என் பெயர் வருகிறது. நான் இன்னும் வாட்ச்மேன் பக்கத்தில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது. "வந்துட்டா சார், டிரெஸ் மாத்திகினு கீறா." என் முகத்தையே பார்க்காத ஒருத்தி எனக்காகச் சொன்ன பொய் அது. நான் போய் அவள் எதிரில் நின்றதும் மேலும் கீழும் பார்த்தாள்.

"நீதான் அந்தப் பொண்ணா? போ, போயி தொப்பிய மாட்டு. நீ எட்டு மணிக்கே வந்துட்ட, தெரிஞ்சிக்கோ. நாளைக்கு நெசமாவே வந்துடு."

லேபிள் ஒட்டுகிற மேரியின் பையன் பள்ளிக்கூடத்தில் கண்ணாடியை உடைத்துவிட்டான். அம்மா வந்தால்தான் வகுப்பில் சேர்ப்பேன் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். மேரிக்கு லீவு கிடைக்கவில்லை. பெட்டி அக்கா தன் வார விடுமுறையில் சித்தி என்று சொல்லிக்கொண்டு போய் நின்றாள். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அந்தக் கதையைச் சொன்னாள்.

"அரை மணி நேரம் நிக்க வெச்சித் திட்டினாங்கடி. புள்ளைய வளக்கத் தெரியலன்னாங்க. எனுக்கு அழுகையே வந்துச்சி."

"நீயா பெத்த? நீ ஏங்கா அழுவுற?" என்று கேட்டேன்.

"நான் அழுததோட போச்சி. மேரி போயிருந்தா இன்னும் ஜாஸ்தியா அழுதிருப்பா."

இன்னொரு தடவை, கூட வேலை செய்கிற ஒருத்தியின் மாமியார் ஆவடியில் ஒரு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். துணைக்கு ஆள் இல்லை என்று தெரிந்ததும் இவள் போய் உட்கார்ந்துகொண்டாள். நர்ஸம்மா "நீ யாரு?" என்று கேட்டதற்குக் கூசாமல் "மருமவ" என்றாள். மூன்று நாள் பார்த்துக்கொண்டதில் கிழவிக்குத் தலைகால் புரியவில்லை. வார்டு முழுக்க "எம் மருமவ தங்கம்" என்று சொல்லிக்கொண்டிருந்தது. நிஜ மருமகள் நாலாவது நாள் வந்து இதைக் கேட்டுவிட்டு அக்காவோடு ஒரு வாரம் பேசவில்லை. நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். அக்காவும் சிரிப்பாள், கொஞ்சம் வெட்கத்தோடு.

இப்படிப்பட்ட ஒருத்தியை யாருக்குத்தான் பிடிக்காது? எனக்கும் பிடித்தது. அதனால்தான் இதை எழுத இத்தனை வருஷம் ஆனது.

வரிசையின் முதலில் மருந்து நிரப்புகிற மிஷினில் நின்றவர்கள் ஆறு பேர். அதில் நானும் ஒருத்தி, என் பக்கத்தில் செல்வி. நெமிலிச்சேரியிலிருந்து ரயிலில் வருவாள். ஒல்லி. எட்டு வயதில் ஒரு பெண் குழந்தை. அந்தக் குழந்தை எந்தப் பாட்டுக்கு ஆடினது, எந்த டீச்சரிடம் என்ன சொன்னது என்பதெல்லாம் எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். செல்வி வாய் ஓயாமல் பேசுவாள், மாஸ்க்குக்கு மேலே கண் மட்டும் சிரிக்கும்.

நிரப்புகிற இடத்தில் வாடை எப்போதும் இருக்கும். கையுறை போட்டிருந்தாலும் மணிக்கட்டு நனையும். அங்கி ஈரமாகவே இருக்கும். அந்த மருந்து உடம்பில் ஏறினால் ரத்தத்தில் ஒரு பொருள் குறையும். அது எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்தால் மருந்து எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தெரியும். இதற்காக மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு லேப்காரர் வந்து கேன்டீனில் உட்கார்ந்து எங்களுக்கு ரத்தம் எடுப்பார். குறைந்தவர்களை வேறு வேலையில் போட்டு உடம்பு தேறின பிறகுதான் திரும்ப எடுக்க வேண்டும் என்று விதி. நல்ல விதிதான். ஆனால் நாங்கள் கான்ட்ராக்ட். ரிப்போர்ட் குறைந்து வந்தவளிடம் "கொஞ்ச நாள் வீட்டில ரெஸ்ட் எடும்மா" என்று அன்பாகச் சொல்லி அனுப்புவார்கள். அவள் திரும்பி வரும்போது கேட்டில் அவள் பெயர் இருக்காது. எங்கள் கண் முன்னால் இரண்டு பேர் அப்படிப் போனார்கள்.

எனக்கு ஒரு தடவை எல்லைக்கோட்டுக்குச் சற்று மேலே வந்து தப்பித்தேன். செல்விக்கும் அப்படித்தான். அடுத்த தடவை நிச்சயம் மாட்டுவோம் என்று இரண்டு பேரும் பயந்துகொண்டிருந்தோம். என் புருஷனுக்கு அப்போது வேலை இல்லை. வீட்டில் சம்பளம் என்று வந்தது என்னுடையது ஒன்றுதான். செல்வி கழிவறைப் பக்கம் நின்று அழுததைப் பெட்டி அக்கா பார்த்துவிட்டாள்.

"இன்னாடி இதுக்குப் போயி? அந்த லேப்காரனுக்கு ஒரு ஊசி ரத்தம் வோணும், அவ்ளோதானே? ரத்தம்னா எல்லாம் செவப்புதான். நான் போறேன்."

அவள் மருந்துப் பக்கமே வராதவள். நாங்கள் நின்ற இடத்துக்கும் அவள் பெட்டிக்கும் நடுவில் ஒரு சுவரே இருந்தது. அவள் ரத்தம் எப்போதும் நன்றாக இருக்கும்.

நாங்கள் எல்லோரும் ஒரே நீல அங்கி, வலைத் தொப்பி, மூக்கு வரைக்கும் மாஸ்க். எங்கள் புருஷன்மார்கள் வந்து பார்த்தாலே அடையாளம் தெரியாது. லேப்காரரும் ஒவ்வொரு தடவையும் ஒரு புது ஆள். அன்றைக்கு இரண்டு ஷிப்டுக்கும் இருந்து ஆறு பேருக்கும் பெட்டி அக்காவே கொடுப்பாள். காலை ஷிப்டில் மூன்று பெயருக்கு இடது கை, மதிய ஷிப்டில் மூன்று பெயருக்கு வலது கை. நடுநடுவே பத்துப் பேர் விட்டுவிட்டுப் போய் உட்காருவாள். ஒரு தடவை சேலைத் தலைப்பு அங்கிக்கு வெளியே தெரியும், ஒரு தடவை தெரியாது. செல்வியாகப் போகும்போது செல்வி மாதிரியே தோளைக் குறுக்கிக்கொண்டு நடப்பாள். நாங்கள் தூண் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். ரத்தம் எடுக்கிற நாளில் ஆறு பேரும் வீட்டிலிருந்து ஆளுக்கொரு அவித்த முட்டை கொண்டுவந்து அவளுக்குக் கொடுப்போம். ஆறையும் ஒரே வேளையில் தின்றுவிட்டு, "இன்னும் ரெண்டு பேரு கீறீங்களா?" என்று கேட்பாள்.

ஒன்றரை வருஷம் இப்படியே போனது. எங்களுக்கு அது ஒரு தப்பாகவே தெரியவில்லை. கம்பெனியை ஏமாற்றிவிட்டோம் என்று பெருமையாகக்கூட இருந்தது. சூப்பர்வைசருக்குத் தெரியுமா என்றால், தெரிந்திருக்கலாம். ரிப்போர்ட் வந்ததும் ஒரு தடவை கூட அவர் எங்கள் முகத்தை நேராகப் பார்த்ததில்லை.

அப்போதுதான் அரசாங்கத்திலிருந்து அந்த வரைவு உத்தரவு வந்தது. கத்திரி, வெண்டை, காலிஃபிளவர் மாதிரி சாப்பிடுகிற பயிர்கள் எதிலும் இந்த மருந்தை அடிக்கக் கூடாது, காயில் தங்குகிறது, அடிக்கிறவனுக்கும் கையாளுகிறவனுக்கும் கெடுதல் என்று அதில் இருந்தது. ஆட்சேபனை உள்ளவர்கள் குறிப்பிட்ட நாளுக்குள் எழுதலாம் என்றும் இருந்தது. கம்பெனியில் முக்கால்வாசி ஓடினது அந்த ஒரு மருந்துதான். உத்தரவு வந்தால் மிஷின் நின்றுவிடும், எல்லோரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று பேச்சு பரவியது. நாங்கள் அரசாங்கத்தைத்தான் திட்டினோம். பெட்டி அக்கா எல்லோரையும்விடச் சத்தமாகத் திட்டினாள்.

"டெல்லில குந்திகினு கத்திரிக்காய்க்கு சட்டம் போடறானுங்க. நாப்பது பொம்பளைங்க சோத்துக்கு இன்னா வழின்னு எவனாச்சும் கேட்டானா?"

ஆட்சேபனை எழுதத் தமிழ் டைப்பிங் தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். நான் படிக்கும்போது டைப்பிங் லோயர் பாஸ் பண்ணியிருந்தேன். என்னை மிஷினிலிருந்து எடுத்து ஏசி அறையில் உட்கார வைத்தார்கள். ஒரே நாளில் வாடை போய்விட்டது. ஒரு வாரத்தில் தலைவலியும் போய்விட்டது. அதற்கு என்ன அர்த்தம் என்று நான் யோசிக்க விரும்பவில்லை.

எனக்குச் சொல்லிச் சொல்லி எழுத வைத்தவர் டெக்னிக்கல் சார். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். யாரையும் அதட்டிப் பேசமாட்டார், தயிர்சாதம் கொண்டுவருவார், மதியம் ஐந்து நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு உட்காருவார். தான் சொல்வதை அவர் நிஜமாகவே நம்பினார். விவசாயிக்கு வேறு மலிவான மருந்து கிடையாது, வெளிநாட்டுக் கம்பெனிகள் தங்கள் சரக்கை விற்பதற்காகச் செய்கிற சதி, சொன்ன அளவில் அடித்து, சொன்ன நாள் பொறுத்துக் காயைப் பறித்தால் ஒரு கெடுதலும் இல்லை. இவற்றையெல்லாம் நான் பக்கம் பக்கமாக அடித்தேன். விவசாயிகள் தாங்களே எழுதுகிற மாதிரியும் மூன்று வகைக் கடிதம் தயார் செய்தோம். 'நான் ஒரு ஏழைக் காய்கறி விவசாயி' என்று தொடங்கும். பூந்தமல்லியில் மருந்து விற்கிற கடைகளுக்குக் கட்டுக்கட்டாகப் போனது. மருந்து வாங்க வருகிறவர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். வாழ்நாளில் ஒரு செடிகூட வைக்காத நான் அந்த ஒரு வாரத்தில் முந்நூறு விவசாயியாக இருந்தேன்.

கடைசியில் சார் ஒரு ஃபைலை என்னிடம் கொடுத்தார். எங்கள் ரத்த ரிப்போர்ட்டுகள்.

"இதுதாம்மா நம்ம பிரம்மாஸ்திரம். தினமும் கையில மருந்தைத் தொடற பொண்ணுங்களுக்கே ஒண்ணும் ஆகலைன்னா, கத்திரிக்கா சாப்பிடறவனுக்கு என்ன ஆயிடும்? பாரு, ஃபில்லிங்ல இருக்கிற ஆறு பேருக்கும் எவ்வளவு சீரா இருக்கு."

சீராக இல்லாமல் எப்படி இருக்கும்? பட்டியலாக அடித்தேன். செல்விக்கு எதிரே 'இயல்பு' என்று அடித்தேன். என் பெயருக்கு எதிரேயும் அடித்தேன். மேற்படி மருந்தைக் கையாளும் பெண் தொழிலாளர்கள் எவருக்கும் இதுநாள்வரை எவ்விதப் பாதிப்பும் ஏற்பட்டதில்லை என்று மேலே ஒரு வாக்கியம். மாலையில் கேட்டருகே பெட்டி அக்காவைப் பிடித்து விஷயத்தைச் சொன்னேன்.

அவள் டிபன் பாக்ஸைப் பைக்குள் திணித்தாள். பிறகு, "நம்ம கம்பெனிய காப்பாத்தத்தானே போவுது? போட்டும்" என்றாள். ஆனால் அன்று ரயிலில் வரும்போது தன் முழங்கை மடிப்பைத் தடவிக்கொண்டே வந்தாள்.

உத்தரவு வருவதற்குள் எவ்வளவு முடியுமோ அவ்வளவு சரக்கை நிரப்பி வெளியே தள்ளிவிட வேண்டும் என்று கம்பெனி முடிவு செய்தது. இரண்டு ஷிப்டும் சேர்த்துப் பார்க்கச் சொன்னார்கள். நிரப்புகிற அறையில் காற்றை வெளியே இழுக்கிற ஃபேன் நின்றுபோனது. அதைச் சரி செய்ய மிஷினை நிறுத்த வேண்டும் என்பதால் அப்படியே விட்டுவிட்டார்கள். ஒன்பது நாள் செல்வி அந்த அறையில் இரண்டு ஷிப்டு நின்றாள். கண் மங்கலாக இருக்கிறது, வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கிறது என்று சொன்னாளாம். பெட்டி அக்கா ஒரு மதியம் தன் இடத்தை விட்டுவிட்டுப் போய் செல்வியின் மிஷினில் நின்றாள். மறுநாள் பெட்டிப் பக்கம் சரக்குத் தேங்குகிறது என்று சூப்பர்வைசர் அவளைத் திருப்பி அனுப்பிவிட்டார். செல்வி மறுபடி மிஷினுக்குப் போனாள்.

அன்று சாயங்காலம் செல்வி வீட்டுக்குப் போய் அரிசி களைய உட்கார்ந்தவள் அப்படியே சாய்ந்தாள். வேர்வை ஆறாக ஓடியது, வாயில் நுரை, உடம்பெல்லாம் மருந்து வாடை. ஆஸ்பத்திரியில் டாக்டர் கண்ணைப் பிரித்துப் பார்த்துவிட்டுப் பூச்சிமருந்து என்றார். அந்தச் சொல் வந்துவிட்டால் புருஷனைப் பார்த்து எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். வீட்டில் ஏதாவது சண்டையா? காலையில் சின்னதாக ஒரு வாக்குவாதம் என்று அந்த ஆளும் உண்மையைச் சொன்னான். எந்த வீட்டில்தான் இல்லை? மூன்றாம் நாள் செல்வி இறந்துபோனாள்.

போலீஸ் கம்பெனிக்கு வந்தது. மேனேஜர் அதே ஃபைலைத் திறந்து காட்டினார். போன மாத ரிப்போர்ட், செல்வியின் பெயர், 'இயல்பு'. அதே மிஷினில் நிற்கிற மற்ற ஐந்து பேருக்கும் இயல்பு. இங்கே வேலை செய்ததால் ஆகியிருந்தால் ரத்தத்தில் தெரிந்திருக்குமே என்றார். கூடவே, ஸ்டாக்கில் ஒரு பாட்டில் குறைகிறது என்றும் சொன்னார். அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. செல்வி கம்பெனியில் மருந்து திருடிக்கொண்டு போய் வீட்டில் குடித்துவிட்டாள் என்று முடிந்தது. புருஷன் வீட்டார் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டார்கள். அந்தக் குழந்தையிடமும் அதையே சொன்னார்கள்.

காரியம் முடிந்த மறுநாள், ஆட்சேபனை அனுப்புவதற்குக் கடைசி நாளுக்கு முதல் நாள், பெட்டி அக்கா அங்கியோடும் தொப்பியோடும் ஏசி அறைக்குள் வந்தாள். மேனேஜரும் டெக்னிக்கல் சாரும் இருந்தார்கள். நான் மூலையில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தேன்.

"சார், செல்வி ரிப்போர்ட்டு செல்வியுது இல்ல சார். அது என் ரத்தம்."

மேனேஜர் பேனாவைக் கீழே வைத்தார். "என்னம்மா சொல்ற?"

"நான்தான் சார் அவ பேர்ல போயி குட்த்தேன். ஒவ்வொரு வாட்டியும். அவ ரத்தத்த யாரும் எடுக்கவே இல்ல சார். அவளுக்கு மருந்து ஏறித்தான் கீது. அவ குடிக்கல."

மேனேஜர் மெதுவாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கோபம்கூட இல்லை, அதுதான் கொடுமை.

"இங்க பாரு. மேரி பையன் ஸ்கூலுக்குச் சித்தின்னு போன. யாரோ மாமியாருக்கு மருமகன்னு போன. லேட்டா வர்றவளுக்கெல்லாம் நீ உள்ளேயிருந்து வந்துட்டான்னு சொல்ற. எங்களுக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? யாருக்கு எது ஆனாலும் நான்தான்னு வந்து நிப்ப. செத்துப்போனவளுக்கும் வந்து நிக்கிற. உன் மனசு புரியுது, போய் வேலையைப் பாரு."

"சார், சத்தியமா சார்."

டெக்னிக்கல் சாருக்கு முகம் வெளுத்திருந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். அந்தச் சீரான எண்கள் அவருக்கு மனப்பாடம். "வேற யார் பேர்லயாவது கொடுத்தியாம்மா?" என்று கேட்டார். "பேரைச் சொல்லு. ரெண்டு பேராவது வந்து ஆமான்னு சொன்னா, நாம திரும்ப டெஸ்ட் எடுக்கலாம்."

பெட்டி அக்கா வாயை மூடிக்கொண்டாள். பெயரைச் சொன்னால் அவர்கள் வேலை போகும் என்று அவளுக்குத் தெரியும். தனக்காக யாரையும் கூப்பிட்டு அவளுக்குப் பழக்கமும் இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சார் என் பக்கம் திரும்பினார். "நீயும் ஃபில்லிங்ல இருந்தவதானே. நீ சொல்லும்மா. போன தடவை உன் ரத்தத்தை யார் கொடுத்தா?"

அக்கா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். எனக்கு வீடு ஞாபகம் வந்தது, புருஷன் ஞாபகம் வந்தது, இந்த நாற்காலி ஞாபகம் வந்தது. திரும்ப அந்த வாடைக்குள் போய் நிற்பது ஞாபகம் வந்தது. செல்வி எனக்கு ஞாபகம் வரவில்லை. இதை நான் மறைக்கப்போவதில்லை.

"நான்தான் சார் கொடுத்தேன்," என்றேன்.

அவள் என்னைத் திட்டுவாள், பொய்க்காரி என்று கத்துவாள் என்று காத்திருந்தேன். அப்படி நடந்திருந்தால் நானும் உடைந்து உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வதுண்டு. அவள் திரும்பி சாரிடம் சொன்னாள்.

"ஆமா சார். அவ சொல்றது நெசந்தான். அவளுது அவளுதுதான். அவள இதுல இழுக்காதீங்க."

அவ்வளவுதான். அந்த அறையில் அவள் கடைசியாக நின்றது எனக்காக.

மறுநாள் ஆட்சேபனை போனது. நான்தான் மின்னஞ்சலில் சேர்த்து அனுப்பினேன். பட்டியலிலிருந்து செல்வியின் பெயரை எடுத்துவிடலாமா என்று கேட்டதற்கு, எடுத்தால் ஏன் எடுத்தீர்கள் என்று கேட்பார்கள், இருக்கட்டும் என்றார் மேனேஜர். டெக்னிக்கல் சார் அன்று லீவு.

அதே வாரம் பெட்டி அக்காவின் பெயர் கேட்டில் இல்லாமல் போனது. அவள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். கம்பெனியிடம் எழுதி வாங்கிக்கொண்டு வா என்றார்கள். நெமிலிச்சேரியில் செல்வியின் வீட்டுக்கு மூன்று தடவை போனாள். மூன்றாம் தடவை செல்வியின் ஓரகத்தி கதவில் கையை வைத்துக்கொண்டு, "நீ யாரு? கம்பெனிக்காரங்களே ரிப்போர்ட்டக் காட்டிட்டாங்க. செத்தவள வெச்சி நீ எதுக்கு நாடகம் ஆடற?" என்று கேட்டாளாம். அக்கா என்ன சொன்னாள் என்று தெரியாது. அதை எனக்குச் சொன்ன மேரிக்கும் தெரியவில்லை. பிறகு அக்கா திருவள்ளூர் தாண்டி ஏதோ ஊரில் இருந்த தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். நான் ஒரு தடவையும் போய்ப் பார்க்கவில்லை. போன வருஷம் இறந்துவிட்டாள் என்று மேரி போனில் சொன்னாள்.

அந்த மருந்துக்குத் தடை வரவில்லை. லேபிளில் எச்சரிக்கை என்று இரண்டு வரி கூடியிருக்கிறது. நானும் பிறகு அந்தக் கம்பெனியை விட்டுவிட்டேன். இப்போது பூந்தமல்லியில் மெட்ரோ தூணுக்கு எதிரே ஒரு துணிக்கடையில் பில் போடுகிறேன்.

போன மாதம் செல்வியின் ஓரகத்தி கடைக்கு வந்தாள். அவளுக்கு என்னைத் தெரியாது, எனக்கு அவளைத் தெரியும். செல்வியின் சாவுக்குப் போயிருந்தபோது கூட்டத்தின் பின்னால் நின்று பார்த்த முகம். கூட ஒரு பெண், பதினாறு வயது இருக்கும். ஒல்லி. தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றது. பிளஸ் ஒன்னுக்கு யூனிஃபார்ம் துணி எடுத்தார்கள். விலையைக் குறைக்கச் சொல்லி ஓரகத்தி என்னிடம் பேச்சுக் கொடுத்தாள்.

"அம்மா இல்லாத பொண்ணும்மா, பாத்துப் போடு. எட்டு வயசுல உட்டுட்டு மருந்து குடிச்சிட்டா மகராசி. புள்ள இன்னா ஆவும்னு ஒரு நிமிசம் நெனச்சிப் பாத்தாளா?"

அந்தப் பெண் அழவில்லை. முகம்கூட மாறவில்லை. எத்தனையோ தடவை கேட்ட பேச்சு என்பது தெரிந்தது. துணியின் ஓரத்தில் ஒரு நூல் பிரிந்திருந்ததை நகத்தால் கிள்ளிக்கொண்டே, "எங்கம்மாவுக்கு என்னைப் பிடிக்காது போல" என்று சாதாரணமாகச் சொன்னது, என்னைப் பார்த்து இல்லை, துணியைப் பார்த்து. நான் பில் போட்டேன். கவரில் போட்டுக் கொடுத்தேன். இரண்டாவது தடவையும் வாயைத் திறக்கவில்லை.

பாப்பா, உன்னைப் பற்றிப் பேசாமல் உங்கம்மாவால் ஒரு பாட்டில்கூட நிரப்ப முடியாது. அவள் மருந்து குடிக்கவில்லை. எதையும் திருடவில்லை. அன்றைக்கு அந்த அறையில் என்னிடம் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். அந்தப் பட்டியலில் செல்விக்கு எதிரே இருந்த ரத்தம் பெட்டி அக்காவுடையது. எனக்கு எதிரே இருந்ததும் அவளுடையதுதான்.